மழை விட்டதும் மண்புழு ஏன் ரோட்டுக்கு வருது? வெட்டினா ரெண்டாகுமா?

ராத்திரி நல்ல மழை. காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஓரமாக இருக்கிற ஈரத் தரையைப் பாருங்கள். சில நேரம் மண்புழு நெளிந்துகொண்டிருக்கும். வெயில் ஏறியதும் அதே இடத்தில் சுருண்டு காய்ந்து கிடக்கும். சில மணி நேரத்துக்குள் என்ன ஆச்சு?

தோல்தான் நுரையீரல்

மண்புழுவுக்கு கண், காது, பல், நுரையீரல் எதுவும் கிடையாது. மூச்சு விடுவது தோல் வழியாகத்தான். அதற்கு அந்தத் தோல் எப்பவும் ஈரமாக இருக்கணும். காய்ந்தால் காற்று சுற்றிலும் இருந்தும் மூச்சு முட்டிச் சாகும். உப்புத் தூவினாலும் இதே கதிதான். உடம்பில் உள்ள நீரை உப்பு இழுத்துவிடும்.

அப்போ ஏன் வெளியே வருது? வளைக்குள் தண்ணீர் நிரம்பி மூழ்கிடும், அதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஆக்ஸிஜன் கரைந்த நீரில் பல வகை மண்புழுக்கள் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தரை முழுக்க ஈரமாக இருக்கும்போது, உள்ளே தோண்டுவதைவிட மேலே ஊர்ந்து போவது சுலபம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனா போகிற வழியில் சிமெண்ட் தரை வந்தால் மறுபடி மண்ணுக்குள் இறங்க வழியில்லை.

எட்டு ஜோடி இதயம்

மண்புழுவுக்கு ஐந்து இதயம் என்று படித்திருப்பீர்கள். நம்ம ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் 'லாம்பிட்டோ மாரிட்டி' வகைக்கு எட்டு ஜோடி! 6-வது கண்டத்தில் இருந்து 13-வது கண்டம் வரை இருக்கும். 11-ம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் வருவதும் இதே புழுதான். உடம்பில் 165 முதல் 190 கண்டங்கள். பல் இல்லாததால், 6-வது கண்டத்தில் உள்ள தசைப்பை மண்ணோடு சேர்த்து இலைதழையை அரைத்துவிடும். ரத்தம் நம்மைப்போலவே சிவப்பு, ஹீமோகுளோபின்தான் காரணம்.

ஒரே புழுவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. இருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு இன்னொரு புழு வேணும். 14 முதல் 17-வது கண்டம் வரை தடித்த பட்டை மாதிரி தெரிகிறதே, முட்டைக்கூட்டை உருவாக்குவது அதுதான்.

வெட்டினா ரெண்டாகுமா?

ஆகாது. தலைப்பக்கத் துண்டு, அந்தப் பட்டையும் அதோடு இருந்தால், பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளலாம். வால்துண்டு கொஞ்ச நேரம் துடிக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

மண்புழுவுக்கு 'நாங்கூழ்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. டார்வின் மண்புழு பற்றிய புத்தகத்தை வெளியிட்டது 1881-ல். பத்தே வருஷத்தில், 1891-ல் வந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் சுந்தரம் பிள்ளை இந்த நாங்கூழின் உழைப்பை ஒரு பாத்திரம் வியந்து பேசும்படி எழுதிவிட்டார். தமிழ் வகுப்பில் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும்.

தரையில் ஒன்றைப் பார்த்தால் கையை நனைத்துக்கொண்டோ, ஈர இலையாலோ எடுத்து நிழலான மண்ணில் விடலாம். உயிரோடு இருந்தால், தானே உள்ளே போய்விடும்.