கதிருக்கு அடங்காத கட்டிகள்: திருச்சி சுருட்டிலிருந்து ஏழு வாரக் கணக்கு வரை

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வரும் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்', 1887-இல் வந்தது. கொலை நடந்த அறையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் புகைத்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். ஆமாங்க, நம்ம திருச்சிதான். உறையூர் சுருட்டுக்கு அவ்வளவு பேர். இன்றைக்குத் திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் தந்திருக்கும் தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதமும் புகையிலை வணிகம் செய்தவர். அந்தத் தொழில் அப்போது அவ்வளவு சாதாரணம்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் தாம்பூலம். வெற்றிலையும் பாக்கும் இல்லாமல் ஒரு சுபகாரியம் கிடையாது. சிலர் அதோடு புகையிலையும் சேர்த்து அடக்கிக்கொள்வார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

இந்த எபிசோடில் கேட்கப்போகும் கேள்வி வேற. வாயிலும் தொண்டையிலும் வரும் கேன்சருக்கு ரேடியேஷன் கொடுக்கிறோம். ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்கு அசைய மாட்டேன் என்கிறது. ஏன்?

இந்தக் கேள்வி தமிழ்ப் பகுதிக்குப் புதுசு இல்லை. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குக் கன்னக் கேன்சரோடு வந்தவர்கள் ஏராளம். அங்கே பணியாற்றிய டாக்டர் ஆர், வெற்றிலை பாக்குப் போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். எவரெஸ்ட் பயணங்களில் கலந்துகொண்ட சாமர்வெல்லும் அதே ஆஸ்பத்திரி சர்ஜன்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்னக் கேன்சர் நோயாளிகளின் சிகிச்சை பற்றி 1944-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அந்தக் காலத்தில் கையில் இருந்தவை கத்தியும் ரேடியமும்தான்.

முதல் நல்ல பதில் 1950-களில் இங்கிலாந்திலிருந்து வந்தது. கதிர் பட்டால் செல்லுக்குள் என்ன நடக்கிறது? அங்கிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் உடைந்து, அந்தத் துண்டுகள் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்தச் சிதைவு நிலைத்துவிடும். இல்லாவிட்டால் செல் அதைச் சரிசெய்துகொண்டு பிழைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு டோஸ் தேவை. சிகிச்சையில் இதன் முக்கியத்துவத்தை 1953-இல் எடுத்துச் சொன்னவர் லூயிஸ் ஹெரால்ட் கிரே. இன்று ரேடியேஷன் டோஸை அளக்கும் 'கிரே' என்ற அலகு அவர் பெயர்தான்.

1955-இல் கிரேயும் தாம்லின்சனும் நுரையீரல் கட்டிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ரத்தநாளத்திலிருந்து ஆக்சிஜன் சுமார் 150 மைக்ரான் தூரம்தான் போகும்னு தெரிந்தது. இரண்டு தலைமுடி கனம், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் செத்த செல்கள். நடுவில், எல்லையோரத்தில், மூச்சுத் திணறிக்கொண்டு உயிரோடு இருக்கும் செல்கள்தான் கதிருக்குத் தப்பிப்பவை.

இப்போ சுருட்டுக்கு வருவோம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலை, கழுத்துக் கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்த நோயாளிகளைக் கவனித்த ஒரு கனடிய ஆய்வு 1993-இல் வெளிவந்தது. சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாக மறைந்தது. மற்றவர்களில் அது 74 சதவீதம். நோய் வந்த பிறகு நிறுத்தி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களே பதில்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் வேறொரு வழியில் முயன்றது. முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று தொடங்கிய அந்த நிலையத்துக்கு 1957-இல் கோபால்ட் சிகிச்சைக் கருவி வந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ப்ளியோமைசின் மருந்தோடு கிடைத்த முடிவுகளை 1980-இல் வெளியிட்டார்கள். கட்டியைக் கதிருக்கு வசப்படுத்த மருந்து என்ற அந்த யோசனைதான் இன்று உலகம் முழுக்க வழக்கம். இப்போது பெரும்பாலும் கொடுப்பது சிஸ்பிளாட்டின்.

கட்டியின் பிறப்பிலும் வித்தியாசம் உண்டு. ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டைக் கேன்சர் கதிருக்கு நன்றாகவே அடங்கும். புகையிலையால் வருவதில் பல சமயம் பி53 என்ற காவல் ஜீன் கெட்டுப்போயிருக்கும். டிஎன்ஏ சிதைந்த செல்லைச் சாகச் சொல்ல வேண்டிய ஜீன் அது. நம்ம ஊரில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாம் வகையைத்தான்.

கடைசிக் காரணம் காலண்டர். வழக்கமான சிகிச்சை ஒரு நாளைக்கு 2 கிரே, வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 70 கிரே. 1988-இல் விதர்ஸ் குழு ஒரு விஷயத்தைக் கண்டது. சுமார் நான்கு வாரம் ஆனதும் பிழைத்த செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதன் பிறகு சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளையும் ஈடுகட்ட ஏறக்குறைய 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதாவது ஒரு நாள் லீவு போட்டால், ஒரு நாள் டோஸில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கட்டி தின்றுவிடும். டென்மார்க்கில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். அதே டோஸை வாரத்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறு தடவை கொடுத்து, ஒரு வாரம் முன்னாடியே முடித்தார்கள். 2003-இல் வந்த முடிவின்படி, ஐந்தாண்டில் கட்டி கட்டுக்குள் இருந்தவர்கள் 60 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். டோஸ் மாறவில்லை, நாள்தான் மாறியது.

இதை ஸ்ரீரங்கத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. ஒருவர் திருச்சிக்கு 35 தடவை போய்வர வேண்டும். வாய் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காத ஐந்தாவது, ஆறாவது வாரத்தில்தான் "ரெண்டு நாள் ஓய்வு எடுத்துக்கட்டுமே" என்று வீட்டில் சொல்வார்கள். நடுவில் வைகுண்ட ஏகாதசி வரும், ஆடிப்பெருக்கு வரும். 2022 கடைசியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காகச் சில மாதம் மூடப்பட்டபோது பஸ்கள் சுற்றித்தான் போயின. கட்டிக்கு இதெல்லாம் தெரியாது, அது பெருகிக்கொண்டே இருக்கும்.

ஜீனை நம்மால் மாற்ற முடியாது. உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், கூட்டிப்போகும் முறையை முதல் நாளே ஆளுக்கு ஒரு நாளாகப் பங்கு போடுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் சும்மா இருக்காதீர்கள், அதை எப்படி ஈடுகட்டுவது என்று அன்றைக்கே கேளுங்கள். சனிக்கிழமையில் கொடுக்கலாம், ஒரே நாளில் போதிய இடைவெளி விட்டு இரண்டு தடவையும் கொடுக்கலாம். எது சரி என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.