சென்னைக் குழாய் நீரின் தூய்மை: ஒரு வரலாறு

சென்னைக் குடிநீரின் வரலாறு பெரும்பாலும் பற்றாக்குறையின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஏரிகள் வறண்ட ஆண்டுகளும், லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்ற நாட்களும் அதில் முதலிடம் பெறுகின்றன. குழாயில் வந்த நீர் குடிக்கத் தகுந்ததாக இருந்ததா என்ற கேள்வி அதிகம் எழுவதில்லை. உண்மையில் அளவும் தூய்மையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீரை முறையாக வடிகட்டும் நுட்பம் 1914-இலேயே நகருக்கு வந்துவிட்டது. வடிகட்டிய நீர் அதே தூய்மையுடன் வீடு வரை சென்று சேர்வதே அதற்குப் பிந்தைய காலத்தின் சிக்கலாக இருந்து வருகிறது.

கிணறுகளின் காலம்

கடலோரத்தில் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நல்ல குடிநீர் கிடைக்கவில்லை. இதனால் கோட்டைக்கு வடக்கே இருந்த நகர்ப்பகுதியில் கிணறுகள் தோண்டி, அங்கிருந்து கோட்டைக்கு நீர் கொண்டுவரும் ஏற்பாட்டை 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் செய்தார். வட சென்னையின் ஏழுகிணறு பகுதி இதனால் பெயர் பெற்றது. இந்த ஏற்பாடு கோட்டையில் இருந்தோருக்கானது. நகர மக்கள் தங்கள் வீட்டுக் கிணறுகளையும் கோயில் குளங்களையுமே நம்பியிருந்தனர். கழிவுநீர் வடிகால் இல்லாத நெருக்கமான தெருக்களில், கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கவில்லை.

வடிகட்டாத ஏரி நீர்

நகரம் முழுமைக்குமான முதல் குடிநீர்த் திட்டம் 1872-இல் செயலுக்கு வந்தது. பொறியாளர் பிரேசரின் பெயரால் இது அறியப்படுகிறது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டு நீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பியது. அங்கிருந்து நீர் செங்குன்றம் ஏரியை அடைந்தது. பின்னர் ஒரு திறந்த கால்வாய் வழியே, தாழ்வான பகுதியை நோக்கித் தானாக ஓடி, கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் அதை நகருக்குள் கொண்டு சென்றன.

இந்த நீர் எங்கும் வடிகட்டப்படவில்லை. மணல் வடிகட்டி அப்போது அறியப்படாத நுட்பமும் அல்ல. லண்டனில் 1829-இலேயே ஜேம்ஸ் சிம்ப்சன் அதை நிறுவியிருந்தார். 1852-இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நகரின் குடிநீர் நிறுவனங்கள் ஆற்று நீரை வடிகட்டியே வழங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருந்தது. சென்னையிலோ பல மைல் தொலைவு திறந்த வெளியில் ஓடிய கால்வாயில் மழைநீர் அடித்து வந்த அழுக்கும், கால்நடைகளின் கழிவும், மனிதக் கழிவும் கலக்க வாய்ப்பிருந்தது. திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தைக் காலரா கடுமையாகத் தாக்கியது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் பிரித்தறிந்தது 1884-இல்தான்.

மணல் வடிகட்டியின் வருகை

சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி வகுத்த திட்டம் இந்நிலையை மாற்றியது. திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய கால்வாய் கட்டப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிகட்டிகளும், நிலத்தடி நீர்த்தேக்கத் தொட்டியும், நீராவி எந்திரங்களால் இயங்கும் இறைப்பு நிலையமும் அமைந்தன. 1914 டிசம்பரில் இவை பயன்பாட்டுக்கு வந்தன.

மெதுமணல் வடிகட்டி வெறும் சல்லடை அல்ல. மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து மெல்லிய படலமாகப் படிகின்றன. நீர் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வேகத்தில் அதன் வழியே இறங்கும்போது, நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியை அந்தப் படலம் பிடித்து அழித்துவிடுகிறது. படலம் தடித்து நீர் இறங்குவது தடைப்பட்டால் மேல் மணலைச் சுரண்டி எடுப்பர்.

மேட்லியின் திட்டம் 1961-இல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்ற கணிப்பில், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கேலன், அதாவது ஏறத்தாழ 115 லிட்டர் கிடைக்குமாறு வடிவமைக்கப்பட்டது. 1961 கணக்கெடுப்பிலோ சென்னையின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வெறுமையாகும் குழாய்

தேவைக்கு நீர் போதாதபோது வழங்கும் நேரம் குறைக்கப்பட்டது. நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடுவது வழக்கமாயிற்று. தூய்மையைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது.

குழாயில் எந்நேரமும் அழுத்தத்துடன் நீர் இருந்தால், விரிசல் வழியே நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ளது உள்ளே வராது. நீர் நிறுத்தப்பட்டு அழுத்தம் இறங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. மண்ணில் தேங்கிய கழிவுநீர் அதே விரிசல் வழியே உள்ளே நுழைகிறது. குறுகிய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே செல்வதால் ஆபத்து கூடுகிறது. மறுநாள் நீர் திறந்ததும் முதலில் வருவது இந்தக் கலப்பு நீரே.

அழுத்தக் குறைவைச் சமாளிக்க மக்கள் கண்ட வழிகளும் ஆபத்தை வளர்த்தன. வாசலில் பள்ளம் தோண்டி, குழாயில் அடிபம்பு பொருத்தி நீரை உறிஞ்சினர். வசதியுள்ளோர் மோட்டார் வைத்தனர். இவை குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மேலும் குறைத்து, வெளிநீரை உள்ளே இழுக்கின்றன. தெருவில் ஒரு வீட்டு மோட்டார் இழுக்கும் மாசு பக்கத்து வீட்டுக் குடத்திலும் விழக்கூடும்.

வடிகட்டியால் இங்கு பயனில்லை. அதன் வேலை சுத்திகரிப்பு நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. நீரில் கரைந்து குழாய் நெடுகிலும் தங்கும் குளோரின் மட்டுமே ஓரளவு காக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரப்படி குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ. கோலி கிருமி அறவே இருக்கக் கூடாது. கழிவுநீர் அதிகமாகப் புகுந்தால் குளோரின் அதனுடன் வினைபுரிந்தே தீர்ந்துவிடும்.

இந்த ஆபத்து பழங்கதை அல்ல. 1992 இறுதியில் ஓ139 என்னும் புதிய காலரா வகை சென்னை உள்ளிட்ட தென்னிந்திய நகரங்களில் முதலில் வெளிப்பட்டு, பிறகு வங்கதேசம் வரை பரவியது.

புதிய ஆதாரங்களும் பழைய சிக்கலும்

நீரின் அளவைப் பெருக்கப் பல திட்டங்கள் வந்தன. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் உருவான பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவடைந்தது. சென்னைக் குடிநீர் வாரியம் 1978-இல் அமைந்தது. கிருஷ்ணா நீர் 1996-இல் பூண்டியை அடைந்தது. 2004-இல் வீராணம் நீர் வந்தது. செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2007-இல் தொடங்கியது. தலா 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் செயல்படத் தொடங்கின.

நிலையத்தை விட்டு வெளியேறும் நீரின் தரம் இவற்றால் உயர்ந்தது. ஆயினும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது குழாய் வழங்கல் பெரிதும் குறைந்து, நகரம் லாரிகளை நம்ப நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட பெருநகரக் குழாய் நீர் ஆய்வில் மும்பை முதலிடம் பெற்றது. சென்னை மாதிரிகள் தரத்தை எட்டவில்லை.

குழாய் நீரின் மீது நம்பிக்கை குறைந்ததால் 20 லிட்டர் கேன் தண்ணீரும் வீட்டுச் சுத்திகரிப்புக் கருவிகளும் பரவின. இரண்டுக்கும் செலவழிக்க இயலாத குடும்பங்களுக்குத் தெருக்குழாயும், அந்த நீரைக் காய்ச்சுவதற்கான எரிபொருள் செலவுமே எஞ்சின.

ஒடிசாவின் புரி நகரில், நாள் முழுவதும் குழாயிலிருந்தே நேரடியாகக் குடிக்கத்தக்க நீர் வழங்கும் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. சென்னையை ஒப்பிட அது மிகச் சிறிய நகரம். எனினும் தூய்மையான குழாய் நீருக்கு நல்ல சுத்திகரிப்பு நிலையத்தோடு, 24 மணி நேரமும் குறையாத அழுத்தமும், கசிவற்ற குழாய்களும், வீட்டுக் குழாய் வரை நடக்கும் தொடர் பரிசோதனையும் தேவை என்பதை அத்திட்டம் காட்டுகிறது. கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் தொடங்கிய பணியில் சென்னைக்கு மீதமிருப்பது இந்தப் பகுதியே.