உறவினர் குரல் மோசடி

பிள்ளை அல்லது பேரப்பிள்ளைபோல் தொலைபேசியில் நடித்து, அவசரத்துக்கென்று முதியோரிடம் காசு பறிக்கும் குற்றம். "அம்மம்மா, நான்தான். அம்மாவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்ற பாணியில் பேச்சுத் தொடங்கும். விபத்து, கைது, பிணைப்பணம் என்று கதை வளரும். "ஆர், சின்னவனோ?" என்று கேட்டுப் பெயரைப் பெரும்பாலும் முதியவரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

ஜப்பானில் இது 'ஒரே ஒரே' ('நான்தான், நான்தான்') மோசடி என்ற பெயரில் 2003 அளவில் பெருகியது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு கனடியர் 25 பேர்மீது குற்றஞ்சாட்டியது. மொன்றியல் பகுதியிலிருந்து அழைத்து, 40க்கு மேற்பட்ட மாநிலங்களின் முதியோரிடம் 2.1 கோடி டொலருக்கு மேல் பறித்தார்கள் என்பது வழக்கு. இப்போது செயற்கை நுண்ணறிவு, சிறு ஒலிப்பதிவிலிருந்தே குரலைப் போலியாக்குகிறது.

இலங்கையில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரம் போன்ற வன்னி ஊர்களில் இந்த ஆபத்துக்குத் தனி முகம் உண்டு. போர் குடும்பங்களைக் கண்டங்கள் கடந்து சிதறடித்தது. பிள்ளையின் குரல் வருவதே வாட்ஸ்அப்பில்தான். புது இலக்கம் என்பதால் மட்டும் சந்தேகம் எழாது. காணாமலாக்கப்பட்ட மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாயிடம் "உணர்ச்சிவசப்படாதேங்கோ" என்று சொல்வது பயனற்றது, கொடுமையும்கூட.

ஆகவே காப்பு வீட்டாரின் பொறுப்பு. அழைப்பைத் துண்டித்து, பழைய இலக்கத்துக்குத் திருப்பி எடுக்கப் பழக்க வேண்டும். குடும்பத்துக்குள் ஓர் இரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம். காசு போய்விட்டால் முதலில் வங்கிக்கும், பின் பொலிசுக்கும் உடனே அறிவிக்க வேண்டும். இணையவழி மோசடிகளுக்கு இலங்கை சேர்ட் (கணினி அவசரத் தயார்நிலைக் குழு) நிறுவனத்தின் இலக்கம் 101.