வெற்றிலைச் சுருக்குப்பையும் குளிசையும்: வாய்ப்புற்று மருந்தாய்வு வரலாற்றில் ஒரு பகுதி

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றினை எழுதப் புகுந்தோர் கூலிக்கும் குடியுரிமைக்கும் அளித்த இடத்தினை நோய்க்கு அளித்தாரல்லர். ஸ்பிரிங்வெளி போன்ற பதுளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுந்துக் கூடையுடன் மலையேறுவது வெற்றிலைச் சுருக்குப்பை. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் குளிருக்கும் பசிக்கும் துணையாயின. அத்துணைக்குச் சிலர் கொடுத்த விலை வாய்ப்புற்று. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றினை விளைக்கும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவராண்மை 1985இல் வரையறுத்தது. புகையிலை சேராத தாம்பூலமும் அத்தகையதே என்பதை 2004இல் வெளிவந்த அதன் தொகுதி உறுதிசெய்தது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோயையும் அதன் முன்னிலைகளையும் ஆராய்ந்த கட்டுரையொன்று 2007இல் வெளியாயிற்று. பல்மருத்துவர் மட்டுமன்றி வரலாற்று மாணவரும் அதனைப் படித்தல் நன்று.

புற்று முதிருமுன் அதனை மருந்தினால் தடுத்தல் என்னும் கருத்துக்கு 1976இல் அமெரிக்க அறிஞர் மைக்கேல் ஸ்போர்ன் பெயர் சூட்டினார். அதனைத் தாம்பூலம் தரிப்போரிடம் சோதித்த களங்களுள் நமக்கு மிக அண்மையிலுள்ளது கேரளம். கனடிய ஆய்வாளர் ஹான்ஸ் ஸ்ரிக்கும் பிறரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் விற்றமின் ஏ பெற்றோருள் நூற்றுக்கு 57 பேரின் வாயிலிருந்த வெண்படலம் ஆறு மாதத்தில் முற்றாக மறைந்தது. வெறுங்குளிசை பெற்றோரில் அது 3 மட்டுமே. வியத்தகு பேறுதான். ஆயின் 1997இல் வெளிவந்த திருவனந்தபுர ஆய்வு மறுபக்கத்தைக் காட்டிற்று. ஓராண்டு மருந்துண்டோரில் நூற்றுக்கு 52 பேர் குணமடைந்தனர். மருந்து நின்றபின் அவர்களுள் மூன்றில் இரு பங்கினர்க்குப் படலம் மீண்டது. பாக்கு வாயிலிருக்கும்வரை குளிசை காவல் நிற்குமேயன்றிப் பகையை வெளியேற்றாது என்றே யாம் கருதுகின்றோம்.

நோய் முதிர்ந்த பின்னரான மருந்துக்கும் நம் அயலிற் கிளைத்த வேர் ஒன்றுண்டு. ஆந்திரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், அமெரிக்க லெடர்லி ஆய்வுகூடத்தார் போலிக் அமிலத்தை எதிர்க்கும் சேர்மங்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்றாகிய அமினொப்ரெறின் குழந்தைகளின் குருதிப்புற்றினைத் தற்காலிகமாகத் தணித்ததைச் சிட்னி பார்பர் 1948இல் வெளியிட்டார். சுப்பாராவ் அவ்வாண்டே மறைந்தார். அச்சேர்மத்தின் உறவான மெதொற்றெக்சேற் பின்னர் தலை, கழுத்துப் புற்றுகளுக்கும் பயன்பட்டது.

மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையார் 2020இல் வெளியிட்ட ஆய்வினை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். குணப்படுத்தவியலாத நிலையை எய்தியோர்க்கு வாரமொருமுறை சிற்றளவு மெதொற்றெக்சேற்றும் நாள்தோறும் செலிகொக்சிப்பும் குளிசையாக அளிக்கப்பட்டன. அவர்தம் இடைநிலை வாழ்காலம் 7.5 மாதம், மூன்று வாரத்துக்கொருமுறை நாளத்தில் ஏற்றப்பட்ட சிஸ்பிளாற்றின் பெற்றோர்க்கு 6.1 மாதம். எண்ணளவில் இது சிறிது. ஆயின் ஸ்பிரிங்வெளியிலிருந்து மகரகமைக்குச் செல்வோர்க்குப் பயணச் செலவோடு, தோட்ட வழக்கிற் 'பேர்' எனப்படும் நாட்கூலியும் போகும். துணைக்குச் செல்பவரின் பேரும் போகும். லயத்து வீட்டிலேயே விழுங்கத்தக்க மருந்தின் இப்பயன் ஆய்வேட்டின் அட்டவணைகளில் ஏறாதது.