தகரத்தின் விலையும் தகரத்தின் ஞாபகமும்: அமெரிக்கப் பெட்ரோல் பங்க் பொருட்களைச் சேகரிப்பவர்களை முன்வைத்து

1

பழைய பெட்ரோல் பங்க்குகளில் தொங்கிய எனாமல் பலகைகள், பம்ப்பின் தலையில் விளக்காக எரிந்த கண்ணாடி உருண்டைகள், ஆயில் டின்கள், பங்க்கில் இலவசமாகக் கொடுத்த சாலை வரைபடங்கள், பெட்ரோல் போடுகிற பையனின் தொப்பி, அவன் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜ், ஏன், முழு பம்ப்பே கூட – இவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 'பெட்ரோலியானா' என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு. நம்மூரில் சொன்னால், காயலான் கடைக்குப் போக வேண்டியதைக் காசு கொடுத்து வாங்குகிறானே என்று சிரிப்பார்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் காயலான் கடைக்கும் ஏலக்கூடத்துக்கும் நடுவில் இந்தப் பொருட்கள் போய்வந்த பாதையைப் பார்த்தால், அது அமெரிக்க முதலாளியத்தின் நூறாண்டுக் கதையாகவே இருக்கிறது.

சேர்க்கிறவர்களில் இரண்டு வகை. பலகை இன்று என்ன விலை, பத்து வருஷம் கழித்து என்ன விலை என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர் ஒருவர். பிடித்திருக்கிறது, அதனால் வாங்குகிறேன், விற்கிற எண்ணம் இல்லை என்கிறவர் இன்னொருவர். இதை ஆளுக்காள் மாறுகிற மனப்பாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பொருளின் மேல் படிந்த வரலாற்றில் எதை மிச்சம் வைப்பது, எதைத் துடைத்துவிடுவது என்கிற கேள்வி இதற்குள் இருக்கிறது. ஆசைக்குச் சேர்க்கிறவர் பக்கம் நின்றுதான் இக்கட்டுரை பேசுகிறது. ஆனால் அந்த ஆசையும் விசாரணைக்கு அப்பாற்பட்டதில்லை.

2

இந்தப் பலகைகள் ஏன் உண்டாயின? பெட்ரோலுக்கு முகம் கிடையாது. ஒரு கம்பெனியின் பெட்ரோலை இன்னொரு கம்பெனியின் பெட்ரோலிலிருந்து சாதாரண மனுஷனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் வேறுபாட்டைத் திரவத்துக்கு வெளியே, தகரத்திலும் கண்ணாடியிலும் உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் இதுவும் இல்லை. 1885இல் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரில் சில்வனஸ் பௌசர் என்பவர் ஒரு மளிகைக் கடைக்காரருக்குச் செய்துகொடுத்த பம்ப் மண்ணெண்ணெய்க்கானது. பீப்பாயிலிருந்து ஒழுகிய மண்ணெண்ணெய் பக்கத்திலிருந்த வெண்ணெயைக் கெடுத்தது என்ற புகார்தான் அதற்குக் காரணம் என்று ஒரு கதை சொல்வார்கள். மோட்டார் கார் வந்தபின் அதே பம்ப் பெட்ரோலுக்கு மாறியது. ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் பம்ப்புக்கே 'பௌசர்' என்று பெயர் நின்றுவிட்டது.

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்தது. போட்டி சூடுபிடித்தது. 1913 டிசம்பரில் கல்ஃப் கம்பெனி பிட்ஸ்பர்க்கில், காரை நேரே உள்ளே ஓட்டிவந்து நிறுத்துகிற மாதிரி ஒரு பங்க் கட்டியது. முதல் நாள் விற்றது 30 காலன் என்கிறார்கள். அடுத்த வருஷமே அதே கம்பெனி சாலை வரைபடங்களை இலவசமாக விநியோகித்தது. வண்டியை ஓட்டத் தெரிந்தவனுக்குப் போக ஓர் இடமும் காட்டினால்தானே எண்ணெய் செலவாகும்!

வாங்குகிறவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. அளவு சரியா, தண்ணீர் கலந்திருக்குமோ? அதற்குப் பதிலாகத்தான் 1910களின் பிற்பகுதியிலும் 1920களிலும் உச்சியில் கண்ணாடி உருளை வைத்த பம்ப்புகள் பரவின. கையால் அடித்துப் பெட்ரோலை மேலே ஏற்றுவார்கள். காலன் கோடுகளுக்கு நேரே அளவு தெரியும். பிறகு அது தானாகவே கீழிறங்கி டாங்கிக்குள் போகும். திரவத்துக்குச் சாயம் போட்ட கம்பெனிகளும் உண்டு. சனோக்கோவின் பெட்ரோல் நீலமாக இருந்தது. இன்று சேகரிப்பவர்கள் கலையழகு என்று கொண்டாடுகிற அந்தக் கண்ணாடி உருளை, ஒரு காலத்தில் நம்பிக்கையின்மையை விலை பேசிய கருவி.

பலகைகளின் கதையும் இதே மாதிரிதான். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது எனாமல். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சூளை ஏற்ற வேண்டும். வெயிலும் மழையும் அவ்வளவு லேசில் அதை ஒன்றும் செய்யாது. மோபிலின் சிறகு முளைத்த சிவப்புக் குதிரை, டெக்ஸகோவின் நட்சத்திரம், ஷெல்லின் சிப்பி, 1930இல் சின்க்ளேர் விளம்பரத்துக்கு இழுத்துவந்த டைனோசார், எல்லாம் முகமில்லாத ஒரு திரவத்துக்கு ஒட்டவைத்த முகங்கள். பண்டம் தன் உழைப்பின் கதையை மறைத்துக்கொண்டு மாயத் தோற்றம் கொள்கிறது என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

3

விளம்பரம் வேலை முடிந்ததும் குப்பையாக வேண்டும். அப்படித்தான் ஆனது. 1942இல் போருக்காகப் பழைய இரும்பு திரட்டிய இயக்கத்தில் ஏராளமான பலகைகள் உருக்கப்பட்டன. பிறகு உள்விளக்கு வைத்த பிளாஸ்டிக் பலகைகள் வந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட அகல நெடுஞ்சாலைகள் சிற்றூர்களை ஒதுக்கிவிட்டு ஓடின. 1973இல் எண்ணெய் நெருக்கடி. சின்ன பங்க்குகள் மூடிக்கொண்டே வந்தன. தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் முறை பரவியது. இலவச வரைபடமும் நின்றுபோனது. 1985இல் 66ஆம் எண் நெடுஞ்சாலையே அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இந்த இடிபாட்டிலிருந்துதான் முதல் தலைமுறைச் சேகரிப்பாளர்கள் பொறுக்கினார்கள். மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த பலகை, கொல்லையில் கவிழ்ந்து கிடந்த பம்ப். சந்தை கைகழுவிய பொருளைத்தான் எடுத்தார்கள். விலை என்ற ஒன்று இல்லாததால் ஆசைதான் ஒரே அளவுகோல். வால்டர் பெஞ்சமின் சேகரிப்பவனைப் பற்றிச் சொல்லும்போது, பொருட்களைப் பயன்பட்டாக வேண்டும் என்ற அடிமைத்தனத்திலிருந்து அவன் விடுவிக்கிறான் என்பார். 1935இல் பாரீஸ் பற்றி எழுதிய குறிப்பில் இதைச் சொன்ன அவர், பொருளிலிருந்து பண்டத்தன்மையை உரித்தெடுக்கும் இந்த வேலை சிசிபஸின் வேலை, முடியவே முடியாதது என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்தப் பின்பாதியை மறந்துவிடக் கூடாது. உரிக்க உரிக்கப் பண்டத்தன்மை திரும்ப வளர்ந்துவிடுகிறது.

எட் ருஷே என்ற ஓவியர் 1963இல் 'இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்' என்று ஒரு சின்னப் புகைப்படப் புத்தகம் போட்டார். எந்த ஜோடனையும் இல்லாத படங்கள். முதல் பதிப்பு 400 பிரதிகள், சில டாலர் விலை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. நிராகரிக்கப்பட்டது என்பதையே அவர் விளம்பரமாகப் போட்டார். அதே முதல் பதிப்புக்கு இன்று ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள்.

4

எனாமல் பலகைகளுக்கும் இதே கதி. 2010இல் ஆரம்பித்த 'அமெரிக்கன் பிக்கர்ஸ்' மாதிரித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், கொட்டகையில் கிடப்பதெல்லாம் பணம் என்று நாட்டுக்கே கற்றுக்கொடுத்தன. மிச்சிகன் மாநிலத்தில் சில காலமே இருந்த 'மஸ்கோ' என்ற சிறிய கம்பெனியின் பலகை ஒன்று 2022இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது. இப்போது பலகைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். போலிப் பலகைகள் குவிகின்றன. அசல்தானா என்று சான்றிதழ் கொடுப்பதே தனித் தொழிலாகிவிட்டது.

மதிப்பெண் எதற்குக் குறைகிறது என்று கவனியுங்கள். துரு, எனாமல் பெயர்ந்த இடம், ஆணித் துளையைச் சுற்றிய விரிசல், துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை. கிராமத்துச் சாலைப் பலகைகளைக் குறிபார்த்துச் சுடுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. பொருள் வாழ்ந்ததற்கான சாட்சியங்கள் எவையோ அவையெல்லாம் விலையின் மொழியில் 'கழிவு'. பத்துக்குப் பத்து வாங்குகிற பலகை, பெரும்பாலும் எந்தப் பங்க்கிலும் தொங்காமல் கிடங்கிலேயே கிடந்த பலகை. அதாவது வரலாறே நடக்காத பொருளுக்குத்தான் உச்ச விலை.

இன்னொன்று. அரிதாகக் கிடைப்பதும் கண்ணைப் பறிப்பதும் விலை ஏறும். லட்சக்கணக்கில் அச்சடித்த வரைபடம், கழிப்பறைச் சாவியில் கட்டிய அட்டை, ரசீதுப் புத்தகம் இவை ஏறாது. ஆனால் மனுஷர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லக்கூடியவை இவைதான். முதலீட்டாளர் கையில் இவை தங்காது. பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறவரின் அலமாரியில்தான் தங்கும். ஆசைக்குச் சேர்ப்பவரை நாம் ஆதரிக்க வேண்டிய காரணம் இதுதான்; அவருடைய நல்ல மனசு இரண்டாம்பட்சம்.

5

ஆனால் எதன்மேல் ஆசை? வழக்கமாகக் கிடைக்கிற பதில்: அந்தக் காலம். சீருடையும் தொப்பியுமாக ஓடிவந்து கண்ணாடி துடைத்து, ஆயில் பார்த்து, சிரித்த முகத்தோடு வழியனுப்பிய காலம். இந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம்.

முதலில் அந்தச் சீருடைக்காரர். 1935இல் அயோவா மாநிலம் சங்கிலிக் கடைகளுக்கு வரி போட்டபோது, இந்தியானா ஸ்டாண்டர்ட் ஆயில் தன் பங்க்குகளை அவற்றை நடத்தியவர்களுக்கே குத்தகைக்கு விட்டது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. வரியும் நஷ்டமும் குத்தகைக்காரர் தலையில். பலகையும் சரக்கும் கம்பெனியுடையவை. குத்தகை என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து அந்தச் சிரித்த முகம் யாருக்கு? 1938இல் டெக்ஸகோ சுத்தமான கழிப்பறைக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று 'பதிவு பெற்ற ஓய்வறை' இயக்கம் நடத்தியது. அதை அறிவிக்கும் பச்சைப் பலகை இன்று சேகரிப்பாளர்களுக்கு விருப்பமான பொருள். அதே ஆண்டுகளில் தென் மாநிலங்களின் பங்க்குகளில், கறுப்பர்களின் காசுக்குப் பெட்ரோல் கிடைக்கும், கழிப்பறை கிடைக்காது. பிள்ளைகளைச் சாலையோரப் புதரில் ஒதுங்க வைத்துத்தான் குடும்பங்கள் பயணம் செய்தன. எங்கே நிறுத்தலாம், எங்கே தங்கலாம் என்று சொல்வதற்காக நியூயார்க் ஹார்லத்தைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் 'கிரீன் புக்' என்ற வழிகாட்டியைத் தொடங்கினார். முப்பது வருஷம் அது வந்தது. அதைத் தன் பங்க்குகளில் கொடுத்த கம்பெனி எஸ்ஸோ. கறுப்பர்களுக்குப் பங்க் நடத்தும் உரிமமும் அது கொடுத்தது. ஆக, எஸ்ஸோவின் நீள்வட்டப் பலகை ஒரு கறுப்புக் குடும்பத்துக்கு 'இங்கே நிறுத்தலாம் போலிருக்கிறது' என்று அர்த்தப்பட்டிருக்கும். ஏலப் பட்டியலில் நீளம், அகலம், நிறம், மதிப்பெண் எல்லாம் இருக்கிறது. இந்த அர்த்தத்துக்கு அங்கே கட்டம் இல்லை.

மிஸிஸிப்பியில் டி.ஆர்.எம். ஹோவர்ட் என்ற மருத்துவர் 1951இல் தொடங்கிய கறுப்பர் அமைப்பு, அடுத்த ஆண்டு ஒரு புறக்கணிப்பை அறிவித்தது: கழிப்பறைக்கு அனுமதிக்காத இடத்தில் பெட்ரோல் வாங்காதே. இதை அச்சிட்டு, காரின் பின்பக்கம் ஒட்டுகிற காகிதமாக ஆயிரக்கணக்கில் விநியோகித்தார்கள். விநியோகித்தவர்களில் ஒருவர் மெட்கர் எவர்ஸ். 1963 ஜூனில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். புறக்கணிப்புக்குப் பிறகு பல பங்க்குகள் கறுப்பர்களுக்குக் கழிப்பறை அமைத்தன, தனியாகத்தான், பிரித்துத்தான். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் பாகுபாடு கூடாத பொது இடங்களை வரிசைப்படுத்தும்போது பெட்ரோல் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது என்றால், அந்த இடத்தில் எவ்வளவு நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது, அந்த ஒட்டுக்காகிதமும் பெட்ரோலியானாதானே? பம்ப்பின் பக்கத்தில் நின்ற காரில்தானே அதுவும் ஒட்டியிருந்தது? டெக்ஸகோவின் பச்சைப் பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் அந்தக் காகிதம் பாதிதான் புரியும். பலகையும் அப்படித்தான். மஸ்கோ பலகையில் இருந்த முகமும் இறகுக் கிரீடம் தரித்த ஒரு பூர்வகுடித் தலைவருடையது. நிலத்தைப் பறிகொடுத்தவரின் முகத்தை, நிலத்தடி எண்ணெய்க்கு முத்திரையாக்கி, அந்த முத்திரையை இப்போது பத்து லட்சத்துக்கு மேல் விற்கிறார்கள். கிரீன் புக்கின் பழைய பிரதிகளும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அவமானத்தின் ஆவணத்துக்கும் சந்தையில் இடம் உண்டு, அபூர்வமாக இருந்தால் போதும்.

6

இந்தப் பலகைகளின் உறவுக்காரர்கள் நம்மிடமும் உண்டு. பர்மா ஷெல் 1976இல் அரசுடைமையானபோது இறங்கிய எனாமல் பலகைகளைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டுத் தூண்களுக்கும் எனாமல் தட்டுகளுக்கும் நடுவில் பார்க்கலாம். ஓட்டல்களும் பண்ணை வீடுகளும் அலங்காரத்துக்கு வாங்குகின்றன. விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழே நின்று வண்டிக்குக் காற்றடித்தவர் யார், தண்ணீர்ப் பானையை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று இருந்தது என்பதையெல்லாம் கேட்டு எழுதிவைக்க இப்போதும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆசைக்குச் சேர்க்கிறவரிடம் எதிர்பார்க்க வேண்டியது தியாகமோ குற்றவுணர்வோ இல்லை. அவர் சந்தோஷமாகச் சேர்க்கட்டும். துருவைச் சுரண்டாமல் வைக்கட்டும். வாங்கும்போது விலையைக் கேட்கிற மாதிரியே, இது எந்த ஊர்ப் பங்க்கில் தொங்கியது, யார் நடத்தினார்கள், யாரை நிறுத்தவிடவில்லை என்று கேட்டு, பலகையின் பின்பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டட்டும். காகிதம் ஒட்டினால் மதிப்பெண் குறையும். விற்கப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்ட பிறகு அதைப் பற்றி என்ன கவலை?