நாலு தொகுதிக்கும் கடைமடை



போன மாசம் குலசாமி கோயில்ல கிடா வெட்டி, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தோம். சாப்பிட்டு முடிச்சு மரத்தடியில உட்கார்ந்தப்ப பேச்சு எம்.பி. பக்கம் திரும்புச்சு. நான் ஆலங்குடி தொகுதி, எனக்கு எம்.பி. சிவகங்கை. தங்கச்சி கந்தர்வகோட்டை பக்கம் வாக்கப்பட்டவ, அவளுக்கு திருச்சி. மகளைக் கொடுத்தது அறந்தாங்கியில, அதுக்கு ராமநாதபுரம். சித்தப்பா மகன் விராலிமலையில இருக்கான், அவனுக்கு கரூர். ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், ஒரே பந்தியில சாப்பிட்ட நாலு பேருக்கு நாலு எம்.பி.

"ஏன் மாமா, புதுக்கோட்டைக்குன்னு ஒரு எம்.பி. கிடையாதா?"ன்னு தங்கச்சி மகன் கேட்டான். இருந்துச்சுடா, பறிகொடுத்துட்டோம்னு சொன்னேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். குளத்தூர், ஆலங்குடி, திருமயம்னு மூணு தாலுகா. சொந்தக் காசே அடிச்சாங்க, அம்மன் காசுன்னு பேரு. எங்க அப்பத்தா சுருக்குப்பையில ரெண்டு காசு வச்சிருந்துச்சு, நானே பார்த்திருக்கேன். 1948 மார்ச் 3ல சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்து, திருச்சி ஜில்லாவுக்குள்ள போச்சு. 1974 ஜனவரி 14, பொங்கல் அன்னைக்குத்தான் தனி மாவட்டம் ஆனோம். தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்த அறந்தாங்கி பக்கமும் அப்பதான் நம்மளோட சேர்ந்துச்சு.

ஆனா பாராளுமன்றத் தொகுதி அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. 1952ல நடந்த முதல் தேர்தல்லயே புதுக்கோட்டைன்னு தொகுதி உண்டு. வல்லத்தரசு ஜெயிச்சார். 1962லயும் 1967லயும் கம்யூனிஸ்ட் தலைவர் உமாநாத் ஜெயிச்சார். 1996ல திருச்சி சிவா, 1999ல திருநாவுக்கரசர், 2004ல ரகுபதி. எல்லாக் கட்சிக்கும் மாறி மாறி ஓட்டுப் போட்ட ஊரு. 2004 தேர்தலோட அது முடிஞ்சு போச்சு.

எப்படி முடிஞ்சுதுன்னு சொல்றேன். 2002ல தொகுதி மறுசீரமைப்புச் சட்டம் வந்துச்சு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில ஆணையம் போட்டாங்க. 2001 மக்கள்தொகையை வச்சு எல்லையை மாத்தணும், ஆனா தமிழ்நாட்டுக்கு மொத்தம் 39 தான், கூடவும் கூடாது குறையவும் கூடாது. திருப்பூர், தேனி, விழுப்புரம், கள்ளக்குறிச்சின்னு புதுசா தொகுதி வந்துச்சு. புதுசு வந்தா பழசு போகணும்ல? பழனி, கோபிசெட்டிபாளையம், ராசிபுரம், பெரியகுளம்னு பல பேரு போச்சு. அதோட புதுக்கோட்டையும் போச்சு. 2008 பிப்ரவரியில உத்தரவு அமலுக்கு வந்துருச்சு.

கணக்குப்படிதானே செஞ்சாங்கன்னு சிலர் கேக்குறாங்க. நானும் கணக்குதான் கேக்குறேன். 2001ல தமிழ்நாட்டு ஜனத்தொகை 6 கோடியே 24 லட்சம். 39ஆல வகுத்தா ஒரு தொகுதிக்கு 16 லட்சம். நம்ம மாவட்டத்து ஜனத்தொகை 14 லட்சத்து 59 ஆயிரம். பெரிய வித்தியாசமா இது? 234 எம்.எல்.ஏ. தொகுதியை 39ஆல வகுத்தா ஒரு எம்.பி.க்கு சரியா 6 வரும். நம்ம மாவட்டத்துல புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, விராலிமலை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. எண்ணிப் பாருங்க, ஆறுதான். முழுசா ஒரு தொகுதி ஆக வேண்டியதைப் பிரிச்சு, திருச்சிக்கு ரெண்டு, சிவகங்கைக்கு ரெண்டு, ராமநாதபுரத்துக்கு ஒண்ணு, கரூருக்கு ஒண்ணுன்னு கூறு போட்டுட்டாங்க.

2009 மே 13 தேர்தல்ல அந்த ஆத்திரத்தைக் காட்டினோம். அப்ப நோட்டா பொத்தான் கிடையாது. 49 ஓ-ன்னு ஒரு விதி. பூத்துல கையெழுத்துப் போட்டுட்டு, யாருக்கும் ஓட்டு இல்லைன்னு எல்லார் முன்னாடியும் வாய் விட்டுச் சொல்லணும். நம்ம பக்கம் நிறையப் பேர் அப்படிச் சொன்னாங்க, அதுல நானும் ஒருத்தன். ஆனா அதுக்குள்ள காரியம் கைமீறிப் போயிருந்துச்சு.

எம்.பி. எந்த ஊர்க்காரரா இருந்தா என்ன, வயக்காட்டுக்காரனுக்கு என்ன நஷ்டம்? 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா அடிச்சப்ப என் தோப்புல 60 தென்னையில ஒன்பதுதான் நின்னுச்சு. கந்தர்வகோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி எல்லாம் ஒரே புயல்ல விழுந்த ஊருங்க. ஆனா டெல்லியில நம்ம தென்னைக்காகப் பேச வேண்டியது மூணு தொகுதி எம்.பி.க்கள். மூணு பேருக்குமே நம்ம ஊரு தொகுதியோட ஓரம். நேர்ல போய் ஒரு மனு கொடுக்கணும்னா நான் புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி எல்லாம் தாண்டி சிவகங்கை போகணும். யாரையும் குறை சொல்லலை. ஆறுல ரெண்டு தொகுதிக்காரன் நான், மத்த நாலும் வேற மாவட்டம். அவர் யாரை முதல்ல பார்ப்பார்?

கல்லணைக் கால்வாய் 1934ல திறந்தது. அதுல கடைசியாத் தண்ணி பாயறது நம்ம மாவட்டத்து ஏரிகளுக்குத்தான். கடைமடைக்காரன் கஷ்டம் நமக்குப் புதுசு இல்லை. மேல இருக்கிறவன் வயல் நனைஞ்சு மிச்சம் இருந்தாத்தான் கீழே வரும். எம்.பி. விஷயத்துல இப்ப நாலு வாய்க்காலுக்கும் நாமதான் கடைமடை.

இதை இன்னைக்கு ஏன் எழுதுறேன்னா, அடுத்த மறுசீரமைப்புப் பேச்சு கிளம்பிருச்சு. 2026க்கு அப்புறம் எடுக்குற முதல் கணக்கெடுப்பு வந்தா திரும்பவும் கோடு போடலாம்னு சட்டம் இருக்கு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செஞ்ச தமிழ்நாட்டுக்கு பங்கு குறையும்னு மாநிலமே எதிர்க்குது. அது நியாயம், நானும் அந்தப் பக்கம்தான். 1962ல 41ஆ இருந்தது 1967ல 39 ஆச்சே, குறையாதுன்னு யார் சொன்னா? ஆனா மாநிலத்துக்கு எத்தனைங்கிற சண்டையில, நம்ம மாவட்டத்தை எங்கே வெட்டுவாங்கங்கிறதைக் கவனிக்காம விட்டுடக் கூடாது.

போன தடவை நாம செஞ்ச தப்பு ஒண்ணுதான். சட்டப்படி ஆணையம் முதல்ல வரைவு வெளியிடணும், ஆட்சேபம் கேக்கணும், பொதுக் கூட்டம் வச்சு ஜனங்க சொல்றதைக் கேக்கணும். கடைசி உத்தரவு கெஜட்டுல வந்துட்டா கோர்ட்டுல கேள்வி கேக்க முடியாதுன்னு அதே சட்டத்துல எழுதியிருக்கு. நாம தண்ணி வடிஞ்சப்புறம் வரப்பு கட்டினோம். இந்தத் தடவை வரைவு வர்ற அன்னைக்கே ஊராட்சிக்கு ஊராட்சி மனு போகணும். அதுல அரசியல் வேண்டாம், ஒரே ஒரு வரி போதும்: ஆறு சட்டமன்றத் தொகுதியும் சேர்ந்து ஒரே பாராளுமன்றத் தொகுதி, பேரு புதுக்கோட்டை.

தங்கச்சி மகனுக்கு இப்பத்தான் 18 முடிஞ்சிருக்கு. முதல் கையெழுத்து அவன் போடுறதாச் சொல்லியிருக்கான்.