ஈர விறகின் எடை

திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் அற்பமான கேள்வி எழுவதுண்டு. பாணபத்திரருக்காகச் சொக்கநாதர் விறகாளாக வருகிறார். ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கிவைத்துவிட்டுப் பாடுகிறார். அந்தப் பாட்டைக் கேட்ட ஏமநாதன் இரவோடிரவாக மதுரையை விட்டுப் போய்விடுகிறான். பரஞ்சோதி முனிவரின் செய்யுளிலும் சரி, 1965-இல் வெளிவந்த திரைப்படத்திலும் சரி, நம் கவனமெல்லாம் பாட்டின் மீதுதான். அந்தச் சுமையில் இருந்தது காய்ந்த விறகா, பச்சையா என்று நாம் கேட்பதில்லை. மதுரைத் தெருவில் அடுப்பெரிக்கும் பெண்ணொருத்தி அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

விறகு வாணிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காட்டைப் பற்றி எழுதுகிறார்கள். எவ்வளவு வெட்டினார்கள், எங்கே நட்டார்கள், எந்தச் சட்டம் எப்போது வந்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். காட்டுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்ற விறகுக்கடைக்காரரை அங்கே காண்பது அரிது. சென்னையில் அதை விறகுத் தொட்டி என்பார்கள். அந்தத் தொட்டியின் நடுவே உத்தரத்திலிருந்து தொங்கிய பெரிய தராசுதான் இந்தக் கட்டுரையின் பொருள். நம் ஊரில் விறகை நிறுத்து விற்றோம். எட்டு வீசை ஒரு மணங்கு என்ற பழைய கணக்கிலும், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் படிப்படியாக வந்த கிலோ கணக்கிலும் விற்றது எடைதான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதைப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மாதக்கணக்கில் காயவிட்டால் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கும். இதை வியாபாரியின் கண்கொண்டு பார்க்க வேண்டும். நூறு கிலோ பச்சை விறகில் ஐம்பது கிலோ மரம், ஐம்பது கிலோ நீர். காய்ந்தபின் அது அறுபத்திரண்டரை கிலோவாகக் குறைந்துவிடும். அதாவது ஒழுங்காக உலர்த்துகிற கடைக்காரர், தான் காசு கொடுத்து வாங்கிய எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காற்றில் விட்டுவிட்டு மீதியைத்தான் தராசில் ஏற்றுகிறார். அத்தனை மாதமும் முதல் முடங்கிக் கிடக்கிறது, கூரை போட இடம் வேண்டும், கடன் வாங்கியிருந்தால் வட்டி ஓடுகிறது. பக்கத்துக் கடைக்காரரோ வண்டியிலிருந்து இறக்கிய கையோடு தராசில் வைக்கிறார். அவர் கிலோவுக்குச் சொல்லும் விலையில் உலர்த்தியவர் விற்றால் கடையை மூட வேண்டியதுதான். முதலை மட்டும் மீட்பதற்கே அவர் ஒன்றரை மடங்குக்கும் மேல் விலை சொல்லியாக வேண்டும்.

இப்போது அடுப்பின் பக்கம் வருவோம். முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ நல்ல விறகு ஏறத்தாழ 4,700 கிலோகலோரி வெப்பம் தரும். அதிலுள்ள ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்கி வெளியேற்ற அறுநூற்றுச் சொச்சம் கிலோகலோரி செலவாகும். பத்துக் கிலோ காய்ந்த விறகும் பத்துக் கிலோ பச்சை விறகும் வாங்கிக் கணக்குப் போட்டால், பச்சை விறகில் கிடைப்பது காய்ந்த விறகின் வெப்பத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம். இது வெறும் ஏட்டுக் கணக்கு. உண்மையில் ஈர விறகு சரியாகப் பற்றுவதில்லை, பாதி எரிந்தும் பாதி எரியாமலும் புகையாகப் போகிறது. ஆக, விலை கூடச் சொன்ன கடைதான் பெரும்பாலும் மலிவான கடை. இதை நிரூபிக்கத் தராசால் முடியாது. உலைநீர் கொதிக்கும் நேரம் ஒன்றுதான் சாட்சி, அதுவும் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் பேசும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் பழைய கார்களின் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சரக்கின் தரம் விற்பவனுக்குத் தெரிந்து வாங்குபவனுக்குத் தெரியாதபோது, மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்தே துரத்திவிடும் என்பது அதன் சாரம். 2001-இல் நோபல் பரிசு பெற்றபோது அந்தக் கட்டுரைதான் பெரிதும் பேசப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் இந்தியாவில் தங்கியிருந்தவர் அவர். கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கற்களை நம் பெண்கள் பொறுக்கி எடுப்பதை அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிடுகிறார். விறகுத் தொட்டிக்கும் அவரை யாராவது அழைத்துப் போயிருக்கலாம். கல்லைப் பொறுக்கி எறியலாம், ஈரத்தை என்ன செய்வது?

மேற்கே விறகைக் கன அளவில் விற்றார்கள். எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் கொண்ட அடுக்கு ஒரு 'கார்டு'. அங்கே ஈரத்தால் விற்பவனுக்கு லாபமில்லை. ஏமாற்றுகிறவன் கோணல் கட்டைகளைப் போட்டு இடுக்கு விட்டு அடுக்குவான். அளக்கும் முறை எதுவோ அதற்கேற்ற கள்ளமும் கூடவே பிறந்துவிடுகிறது.

சென்னைப் பட்டணத்துக்கு விறகு வந்த வழியையும் இங்கே சொல்ல வேண்டும். 1806-இல் பட்டணத்திலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கால்வாய் பின்னர் நீண்டு, தாது வருஷப் பஞ்ச நிவாரண வேலைகளையும் உள்வாங்கி, 1878-இல் பக்கிங்காம் என்று பெயர் பெற்றது. உப்பும் நெல்லும் வந்த அதே படகுகளில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காட்டு விறகும் வந்து இறங்கியது. இன்று ராக்கெட்டுகள் கிளம்பும் அதே தீவுதான். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியபின் வீட்டு அடுப்புகளுக்குப் போட்டியாக இன்னொரு பெரிய அடுப்பு வந்தது. தொடக்க கால எஞ்சின்கள் விறகைத் தின்றன. அதே 1856-இல்தான் கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை அமைந்தது. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியது அதற்கடுத்த பத்தாண்டுகளில்.

சவுக்கின் வரவு விறகுக்கடையின் தரக்கணக்கையே மாற்றியது என்று நினைக்கிறேன். கருவேலும் புளியும் நன்றாகவே எரியும், ஆனால் முறுக்கும் கணுவுமாகப் பிளக்கக் கோடாலியும் ஆப்பும் படாத பாடு படும். மாங்கட்டை புகையும். முருங்கையும் இலவும் எரிந்த சுவடு தெரியாமல் முடிந்துபோகும். சவுக்கு நேரான கட்டை, ஒரே சீரான பருமன், சில ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும், தணல் நெடுநேரம் நிற்கும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 1980-இல் விறகு மரங்களைப் பற்றி வெளியிட்ட நூல், பச்சையாக இருக்கும்போதும் அது எளிதில் பற்றிக்கொள்ளும் என்று சிறப்பித்துச் சொல்கிறது. வியாபாரிக்கு வசதியாகப் போயிற்று. ஓரளவு ஈரத்தை மறைத்துக்கொள்ளும் குணம் மரத்திலேயே இருந்ததால், அரைக்காய்ச்சலில் விற்கும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் இரண்டு விறகுக்கடைகள் இருந்தன. பெயர்கள் வேண்டாம். ஒன்றில் எப்போதும் விலை குறைவு. மற்றதில் முதலாளி தை, மாசியில் சரக்கெடுத்து, பிளந்து, ஒரு வரிசை நெடுக்கிலும் அடுத்தது குறுக்கிலுமாக இடைவெளி விட்டு அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் கீற்றுக்கொட்டகைக்குள் ஏற்றிவிடுவார். கோடையில் அவர் கடையில் ஈயோட்டுவார். என் பாட்டியும் அப்போது விலை குறைந்த கடைக்குத்தான் ஆள் அனுப்புவாள். கார்த்திகை பிறந்தால் கதையே வேறு. "அந்தக் கடையில வாங்கினா அடுப்பு அழுவுது, கூடவே நானும் அழுவணும்" என்பாள். மழைக்காலத்து மூன்று மாத வியாபாரத்தில்தான் அந்த மனிதர் ஆண்டு முழுவதும் பிழைத்தார். அவருக்கு நிலையான ஆதாயம் தந்தவர்கள் கல்யாணச் சமையல்காரர்களும் ஓட்டல்காரர்களும். நாள் முழுதும் தீயோடு நிற்பவனை ஏமாற்ற முடியாது. ஒரு சமையல்காரர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், பச்சை மொத்தென்று விழும். வெட்டுவாயில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை நகம் பட்டதும் கழல்கிறதா என்று பார்ப்பார். வீட்டுப் பெண்களுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் கடைக்குப் போய்த் தட்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆள் கொண்டுவந்து போட்டதை எரித்தார்கள். விலை குறைந்த விறகுக்கான மிச்சப் பணத்தைக் கண்ணாலும் நெஞ்சாலும் கட்டினார்கள். கிர்க் ஸ்மித் குஜராத் கிராமத்துச் சமையலறைகளில் புகையை அளந்து 1983-இல் வெளியிடும்வரை அந்தச் செலவை யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். 1965-இல் இண்டேன் வந்தது, 2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. எங்கள் ஊரில் நல்ல விறகும் மட்ட விறகும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தோற்றன. சவுக்குக் கட்டை காகித ஆலைகளுக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகிறது. டீக்கடைகளுக்கு மிலார் கட்டு கிடைக்கிறது.

சென்ற ஆண்டு நெடுஞ்சாலையோரம் ஒரு பிரியாணிக் கடையில் சாப்பிட்டேன். வாசலில் "விறகடுப்பில் சமைத்தது" என்று பெரிய பலகை. கொல்லைப்புறம் கை கழுவப் போனபோது மினி லாரியிலிருந்து விறகு இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இரண்டு கட்டைகளை எடுத்துக் காதருகே வைத்துத் தட்டினார். பிறகு டிரைவரைப் பார்த்து, "பாதிய எறக்குங்கண்ணே, மீதிய எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.